பாராசிட்டமாலும் பிழையை உணரும் மூளையும்: ஆய்வுகள் சொல்வது எவ்வளவு?

ஒற்றெழுத்து (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். முப்பது ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருக்கிறேன். சென்ற மாதம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிய பிறகு, மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி ஐந்து நாட்கள் 650 மில்லிகிராம் பாராசிட்டமாலை மூன்று வேளையும் விழுங்கினேன். அந்த நாட்களில் நான் பார்த்து அனுப்பிய முப்பத்திரண்டு பக்கங்களில் பதினொரு பிழைகள் தப்பியிருப்பதாக நூலாசிரியர் சுட்டிக்காட்டித் திருப்பி அனுப்பினார். அவற்றுள் ஏழு, வல்லொற்று மிக வேண்டிய இடத்தில் மிகாமல் விடப்பட்டவை. வழக்கமாக எனக்கு ஒன்றிரண்டு தப்புவது உண்டு; பதினொன்று தப்பியதாக நினைவில்லை.

பல்வலியின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் 2016ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் அமைதியாக இல்லை. உடல்நலம் உள்ள 62 பேரில் ஒரு பகுதியினருக்கு 1000 மில்லிகிராம் பாராசிட்டமாலும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது போனது என்பது கொடுத்தவருக்கும் தெரியாமல் மறைத்து, தலையில் மின்முனைகளைப் பொருத்தி ஒரு திரையின் முன் உட்கார வைத்திருக்கிறார்கள். திரையில் ஆங்கில எழுத்து ‘எஃப்’ தோன்றினால் பொத்தானை அழுத்த வேண்டும், ‘ஈ’ தோன்றினால் அழுத்தாமல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரு கோடுதான் வேறுபாடு, நம்முடைய ‘எ’வுக்கும் ‘ஏ’வுக்கும் இருப்பது போல. மாத்திரை உண்டவர்களின் மூளையில், பிழை செய்த பிறகு எழ வேண்டிய ஓர் அலை தணிந்திருந்தது என்றும், அழுத்த வேண்டிய இடத்தில் அவர்கள் அழுத்தாமல் விட்டது கூடுதலாக இருந்தது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது.

என் வேலையும் ஏறக்குறைய இதுதானே? இந்த முடிவை எந்த அளவுக்கு நம்பலாம் என்று துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

மருந்துப்பெட்டி

ஐயா, மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த பகுதியை மட்டும் சொல்கிறேன்.

பாராசிட்டமால் மூளையில் வேலை செய்கிறது என்பதில் வியப்புக்கு இடமில்லை. அது பெரும்பாலும் அங்கேதான் வேலை செய்கிறது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை அடிபட்டு வீங்கிய இடத்துக்கே போய் அழற்சியைக் குறைப்பவை. பாராசிட்டமாலால் வீக்கம் வற்றுவதில்லை; வலியும் காய்ச்சலும் மட்டும் இறங்கும். இதற்கான காரணத்தை 1972இல் ஃபிளவர், வேன் என்ற இருவர் தேடியபோது, வலியையும் காய்ச்சலையும் தூண்டும் புராஸ்டகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியை இந்த மருந்து மற்றத் திசுக்களைவிட மூளைத் திசுவில் நன்றாகத் தடுக்கிறது என்று கண்டார்கள். அது முழு விளக்கம் அல்ல என்பது பின்னர் தெரிந்தது. 2005இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார், இந்த மருந்தின் ஒரு சிறு பகுதி கல்லீரலில் உருமாறி, பிறகு மூளையிலும் தண்டுவடத்திலும் ஒரு கொழுப்பு அமிலத்தோடு இணைந்து ‘ஏ.எம். 404’ என்ற பொருளாகிறது என்று எலிகளில் காட்டினார்கள். மிளகாயின் காரத்தை நமக்கு உணர்த்தும் ஏற்பியை அந்தப் பொருள் தூண்டுகிறது. கஞ்சாவின் வேதிப்பொருள் சென்று ஒட்டும் அமைப்போடும் அதற்கு உறவு உண்டு. பிரான்சின் கிளேர்மோன்-ஃபெரான் நகரத்துக் குழுவினர் வேறொரு வழியில் போனார்கள். வாந்தியைத் தடுக்கப் பயன்படும் கிரானிசெட்ரான் வகை மருந்தைப் பாராசிட்டமாலோடு சேர்த்து நலமான ஆட்களுக்குக் கொடுத்தபோது வலி குறையும் விளைவே மறைந்துபோனது. ஆகவே மூளையிலிருந்து தண்டுவடம் நோக்கி இறங்கும், செரட்டோனின் என்ற நரம்புச் செய்திப் பொருளால் இயங்கும் பாதைக்கும் இதில் பங்கு இருப்பதாக அவர்கள் கருதினார்கள்.

நூற்றாண்டுக்கும் மேலாகக் கையில் இருக்கும் மருந்துக்கு இன்னும் ஒரே விளக்கம் அமையவில்லை என்பது எங்கள் துறைக்குப் பெருமை தரும் செய்தி அல்ல. இதன் முன்னோடியான அசிட்டனிலைடு 1886இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் குடற்புழுவுக்கு மருந்து தேடிய இருவர் கைக்குத் தவறுதலாக வந்து சேர்ந்து, காய்ச்சலை இறக்கியதால் புகழ் பெற்றது. அந்த அசிட்டனிலைடு உடலுக்குள் போய்ப் பாராசிட்டமாலாக மாறித்தான் வேலை செய்கிறது என்பதை 1948இல்தான் பிராடி, ஆக்ஸல்ராட் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஆனால் ஒரு மருந்து மூளையில் வேலை செய்கிறது என்பதும், அது மெய்ப்புத் திருத்துபவரின் கண்ணை மறைக்கிறது என்பதும் ஒன்றல்ல. அந்த இடைவெளியை நிரப்ப என்னால் இயலாது.

அலைவரிசை

மூளை மின்னலைப் பதிவுகளோடு நாள்தோறும் புழங்குபவன் நான். ஒற்றெழுத்து ஐயா குறிப்பிட்ட ஆய்வில் ஓர் அலை மட்டும் பேசப்படவில்லை. இரண்டு அலைகள் இருக்கின்றன, அந்த ஆய்வின் சுவையே அந்த இரண்டும் வேறுவேறாக நடந்துகொண்டதில்தான் உள்ளது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஒருவர் தவறான பொத்தானை அழுத்திவிட்டால், ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் உச்சந்தலைக்குச் சற்று முன்புறம் எதிர்மின் திசையில் ஒரு கூர்மையான இறக்கம் தோன்றும். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டறிந்த இதை ‘பிழைசார் எதிர்மின் அலை’ என்று சொல்லலாம். இதற்குப் பிறகு, ஏறக்குறைய 200 முதல் 400 மில்லிநொடிக்குள், தலையின் பின்புறத்தை ஒட்டி நேர்மின் திசையில் ஓர் அகன்ற எழுச்சி வரும். அதைப் ‘பிழைசார் நேர்மின் அலை’ எனலாம். முதல் அலை, செய்தவர் தம் பிழையை உணர்ந்தாலும் உணராவிட்டாலும் வந்துவிடுகிறது. இரண்டாவது அலையோ ‘ஐயோ, தவறிவிட்டோமே’ என்று அவர் அறிந்துகொண்டபோதுதான் பெரிதாக எழுகிறது. கண் அசைவுகளை வைத்து 2001இல் நடந்த ஒரு நெதர்லாந்து ஆய்வு இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே காட்டியிருந்தது.

பாராசிட்டமால் உண்டவர்களிடம் முதல் அலை மாறவில்லை. இரண்டாவது அலைதான் தணிந்தது. எனவே பிழை நிகழ்ந்ததை மூளை பதிவு செய்வது கெடவில்லை, அந்தப் பிழை எவ்வளவு பொருட்படுத்தத் தக்கது என்று எடைபோடும் அடுத்த படி மங்குகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ‘வலி மாத்திரை புத்தியை மழுங்கடிக்கிறது’ என்று செய்தித் தலைப்புப் போட்டவர்கள் இந்த இரண்டு அலைகளையும் ஒன்றாகக் குழைத்துவிட்டார்கள்.

கோணல்கோடு

புள்ளியியல் கற்பிப்பவன் என்பதால் ஆட்களின் எண்ணிக்கையில்தான் என் கண் முதலில் நிற்கிறது. 62 பேரை இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு 31 பேர். நடுத்தர அளவிலான ஒரு விளைவு உண்மையிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், இத்தனை பேரை வைத்து அதைப் பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதற்குச் சமம். அந்த வாய்ப்பை நூற்றுக்கு எண்பதாக உயர்த்த வேண்டுமானால் ஒரு பக்கத்துக்கு 64 பேராவது வேண்டும். சிறு ஆய்வில் தப்பிப் பிழைத்து வெளிவரும் விளைவுகள் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரிவது இயல்பு.

அலைவரிசை மகிழ்ந்து சொன்ன இடத்தில் இன்னொரு குழியும் இருக்கிறது. ஓர் அலையில் வேறுபாடு, தற்செயல் அல்ல என்று கொள்ளும் புள்ளியியல் எல்லையைத் தாண்டியது, மற்றதில் தாண்டவில்லை என்பதாலேயே இரண்டு அலைகளையும் மருந்து வேறுவிதமாகப் பாதித்தது என்று ஆகிவிடாது. அந்த இரண்டு வேறுபாடுகளுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தனியாகச் சோதிக்க வேண்டும். முதல் அலையில் விளைவைக் காணவில்லை என்பது, அங்கே விளைவு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

பாராசிட்டமால் மன உணர்வையும் தணிக்கிறது என்று சொல்லும் இந்த ஆய்வு வரிசையின் தலைமகன் போல எல்லோரும் எடுத்துக்காட்டும் 2010ஆம் ஆண்டு ஆய்வையும் பார்ப்போம். அமெரிக்காவில், டிவால் என்பவர் தலைமையில் நடந்தது. முதல் சோதனையில், மூன்று வாரம் நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் உண்டவர்கள், அன்றாடம் மனம் புண்பட்டதைப் பற்றிய வினாக்களுக்கு நாள் ஆக ஆகக் குறைவான மதிப்பெண் இட்டார்கள். இரண்டாவது சோதனையில் 25 பேர். நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம். மூளையின் செயல்பாட்டைப் படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்துக் கணினியில் பந்து எறியும் விளையாட்டு ஒன்றை ஆட விட்டு, பாதியில் அவர்களுக்குப் பந்தே வராமல் ஒதுக்கினார்கள். மருந்து உண்டவர்களிடம் மனவலியோடு தொடர்புபடுத்தப்படும் முன் சிங்குலேட், முன் இன்சுலா என்ற மூளைப் பகுதிகளில் செயல்பாடு குறைந்திருந்தது. சரி, ஒதுக்கப்பட்டதாக எவ்வளவு உணர்ந்தீர்கள் என்று அவர்களையே கேட்டபோது? இரண்டு பக்கத்தாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். மூளைப்படம் மாறி, உணர்வு மாறவில்லை என்றால் அந்தப் படத்தை என்னவென்று படிப்பது? சிங்குலேட் பகுதி வலிக்கும் விழிக்கும், வியப்புக்கும் விழிக்கும், கணக்குப் போட்டாலும் விழிக்கும். அங்கே விளக்கு எரிவதை வைத்து இவர் மனவலியில் இருக்கிறார் என்று சொல்வது, தெருவில் கூட்டத்தைப் பார்த்ததும் கல்யாணம் என்று முடிவு கட்டுவது போன்றது. 2014இல் கொலராடோவில் 60 பேரை வைத்து நடந்த ஆய்வில், உடல் வலியும் காதல் முறிவின் வலியும் ஒரே பகுதிகளை எழுப்பினாலும், அந்தப் பகுதிகளுக்குள் அவை இடும் கோலம் வேறுவேறு என்று கண்டார்கள்.

முல்லைவெளி

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் பனடோல் என்று சொல்லி வளர்ந்த குளிசைதான் இங்கே டைலினோல். பெட்டியில் அசெற்றமினோஃபென் என்று போட்டிருக்கும். அதுவும் பரசிற்றமோலும் ஒன்றுதான் என்பது இங்கு வந்த பிறகும் கன காலம் எனக்குத் தெரியாது. மூட்டு வாதத்துக்காக அதைக் கிழமைக் கணக்கில் எடுக்கிற எனக்கு, ஒருமுறை தடிமனுக்கு வாங்கிய கூட்டு மருந்துக்குள்ளும் அதே சாமான் இருந்ததை மருந்துக்கடைப் பிள்ளை கவனித்துத் தடுத்தார்.

இங்கே கதைக்கப்படுவதைப் படிக்கும்போது எனக்கு ஒரு விடயம் உறுத்துகிறது. இந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் எல்லாம் நோ ஒன்றும் இல்லாத இளம் மாணவர்கள். இந்தக் குளிசையை எடுப்பவர்கள் நோவோடு இருப்பவர்கள். விடியற்காலையில் முழங்கால் நோவோடு எழும்பி ஒரு படிவத்தை நிரப்பினால் நான் விடும் பிழைகள், குளிசை போட்டு ஒரு மணித்தியாலம் போன பின் விடும் பிழைகளைவிடக் கூட. நோவும் மூளையின் கவனத்தைத் தின்கிறதுதானே? நலமான மூளையில் குளிசை ஒரு அலையைச் சற்றுத் தணிப்பதாகவே இருக்கட்டும், நோயாளியின் மூளையில் அது கவனத்தைத் திருப்பிக் கொடுக்கவும் கூடும். ஒற்றெழுத்து ஐயா, உங்களுக்குப் பல்லும் வலித்ததல்லவா?

அலைவரிசை

முல்லைவெளி அம்மா கேட்டதுதான் இந்த இழையில் இதுவரை வந்த கேள்விகளில் சிறந்தது. நலமானவர்களைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு: வலி இல்லாத இடத்தில்தான், வலி குறைந்ததால் வந்த மாற்றத்தையும் மருந்தால் நேரே வந்த மாற்றத்தையும் பிரித்துப் பார்க்க முடியும். ஆனால் அப்படிப் பிரித்தெடுத்த விடையை வலியோடு இருப்பவருக்கு அப்படியே பொருத்த முடியாது.

கோணல்கோடு சொன்னவற்றில் எண்ணிக்கை பற்றிய குறையை மறுப்பதற்கில்லை. எஃப்.எம்.ஆர்.ஐ. பற்றியதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்த வரிசையில் ஓர் ஆய்வைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 2015இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 82 மாணவர்களுக்கு 1000 மில்லிகிராம் பாராசிட்டமாலோ போலி மருந்தோ கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துப் படங்களைக் காட்டினார்கள். பட்டினியால் அழும் குழந்தைகள் முதல் பூனைக்குட்டிகளோடு விளையாடும் குழந்தைகள் வரை பலவிதமான படங்கள். மருந்து உண்டவர்கள் கொடியவற்றைச் சற்றுக் குறைவாகக் கொடியவை என்றும், இனியவற்றைச் சற்றுக் குறைவாக இனியவை என்றும் மதிப்பிட்டார்கள். இரு முனையும் உள்நோக்கி நகர்ந்தது. அப்படியானால் மருந்து உண்டவர்கள் எல்லாவற்றுக்குமே நடுவான எண்ணைப் போடுகிறார்களோ என்ற ஐயம் எழுமல்லவா? அதற்காக அடுத்த குழுவினரிடம், ஒவ்வொரு படத்திலும் நீல நிறம் எவ்வளவு இருக்கிறது என்றும் கேட்டார்கள். நீலத்தின் மதிப்பீட்டில் மருந்து எந்த மாற்றமும் செய்யவில்லை. காட்சியை அளவிடுவது கெடவில்லை, ‘இது எனக்கு நல்லதா கெட்டதா’ என்று எடைபோடுவது மட்டும் தணிகிறது என்ற முடிவு அதிலிருந்து வருகிறது. பிழையலை ஆய்வும் ஏறத்தாழ அதே இடத்தைத்தான் சுட்டுகிறது.

கோணல்கோடு

நீல நிறக் கேள்வி நல்ல வடிவமைப்பு. அதை நான் மாணவர்களுக்கே எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. வெவ்வேறு கூடங்களில் நடந்த சிறு ஆய்வுகள் ஒரே பக்கமாகச் சாய்வதையும் நான் பொருட்படுத்துகிறேன். ஆனால் சாயாத ஆய்வுகள் எத்தனை எழுதியவர்களின் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிட்டன என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை. முடிவு தெரிவதற்கு முன்பே திட்டத்தைப் பதிவு செய்து, சில நூறு பேரை வைத்து, அந்த இரண்டு அலைகளையும் மீண்டும் அளந்தால் நானே முதல் ஆளாகக் கைதட்டுவேன்.

ஒற்றெழுத்து

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் நானே ஒரு சோதனை செய்து பார்க்கலாமா என்று தோன்றுகிறது. பல்வலி இப்போது அறவே இல்லை. என் துணைவியார் நாள்தோறும் பாராசிட்டமாலையோ அதே போல் இருக்கும் சத்து மாத்திரையையோ எனக்குச் சொல்லாமல் கொடுக்கட்டும். இருபது நாட்கள் ஒரே அளவான பக்கங்களைத் திருத்திப் பிழைகளை எண்ணிக்கொண்டால் இழைக்கு ஒரு விடை கிடைத்துவிடும்.

மருந்துப்பெட்டி

ஐயா, தயவு செய்து வேண்டாம். தேவையில்லாத உடம்புக்கு மருந்தைக் கொடுத்து வேடிக்கை பார்க்க இது மிட்டாய் அல்ல. உச்ச அளவு பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்று அட்டையில் இருந்தாலும், அது தேவை உள்ளவருக்குச் சில நாட்களுக்கு. உடல் எடை குறைந்தவர்கள், மது அருந்துபவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு அந்த எல்லை இன்னும் கீழே வரும். மருந்தின் ஒரு சிறு பங்கு கல்லீரலில் நச்சுப் பொருளாக மாறுகிறது. குளூட்டாதையோன் என்ற பொருள் அதை அவ்வப்போது முடக்கிவிடுகிறது. அளவு மிஞ்சினால் அந்தக் கையிருப்புத் தீர்ந்து கல்லீரல் அணுக்கள் அழியத் தொடங்கும், அதுவும் முதல் நாளில் பெரிய அறிகுறி இல்லாமல். முல்லைவெளி அம்மா சொன்ன கூட்டு மருந்துக் குழப்பம்தான் நான் பணியில் இருந்தபோதும் அதிகம் கண்டது.

வலி இருந்தால் எழுதிக் கொடுத்தபடி உண்ணுங்கள். ஏதோ ஓர் அலை தணிகிறது என்று அஞ்சி, வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கவும் வேண்டாம்.

கோணல்கோடு

சோதனையாகவும் அது தேறாது. சத்து மாத்திரைக்கும் பாராசிட்டமாலுக்கும் கசப்பு வேறு. இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஒரு நாளுக்கு ஒன்றிரண்டு பிழைதான் தப்பும் என்றால் இருபது நாள் எண்ணிக்கையில் எதுவும் தெளியாது.

அலைவரிசை

ஐயாவின் முதல் கேள்விக்கு நேரான விடையை நாம் யாரும் இன்னும் கொடுக்கவில்லை என்று படுகிறது, ஆகவே ஒன்று சேர்க்கிறேன். பிழைகள் இருவகை. அழுத்தக் கூடாத இடத்தில் அழுத்துவது செய்பிழை. அழுத்த வேண்டிய இடத்தில் விடுவது விடுபிழை. மூளை அலையை அளக்க ஒரு கை அசைவு வேண்டும். அழுத்திய கணத்திலிருந்துதான் மில்லிநொடியை எண்ண முடியும். ஆகவே தணிந்ததாகச் சொல்லப்படும் அலை செய்பிழைக்குப் பிறகு எழுவது. கூடியதாகச் சொல்லப்படும் பிழையோ விடுபிழை. அந்த இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகவும், மருந்து பிழைகளைக் கூட்டியதில் ஒரு பகுதி அந்த அலை வழியாக நிகழ்ந்ததாகவும் ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது கணக்கு வழி வந்த தொடர்பு. நேரே கண்டது அல்ல.

விட்டுப்போன ஒற்றைக் காணாமல் தாண்டுவது விடுபிழைதான். அந்த அளவில் ஐயாவின் ஒப்புமை பொருந்துகிறது. ஆனால் அங்கே ஓர் எழுத்து திரையில் மின்னி மறைகிறது. தாளில் எழுத்து உங்களுக்காகக் காத்திருக்கிறது. திரும்பிப் பார்க்க இடம் உள்ள வேலையில் இந்த விளைவு என்ன ஆகும் என்பதை அந்தச் சோதனை தொடவே இல்லை.

ஒற்றெழுத்து

சோதனைத் திட்டத்தைக் கைவிட்டேன். அதற்குப் பதிலாகக் கட்டைப் பிரித்து அந்த முப்பத்திரண்டு பக்கங்களையும் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நாளும் நேரமும் குறித்து ஒப்பமிடுவது எங்கள் வழக்கம் என்பது இவ்வளவு நாள் எனக்குத் தோன்றாமல் போனது வெட்கந்தான்.

பதினொன்றில் எட்டு, முதல் இரண்டு நாட்களில் பார்த்த பக்கங்களில் இருக்கின்றன. கன்னம் வீங்கி, இரவில் இரண்டு மணிக்கு மேல்தான் கண் அயர்ந்த நாட்கள் அவை. மாத்திரையை ஐந்து நாளும் ஒரே அளவில்தான் உண்டேன். மூன்றாம் நாளிலிருந்து வலி இறங்கியது, மாத்திரை நிற்கவில்லை, ஆனால் அடுத்த மூன்று நாட்களில் தப்பியவை மொத்தம் ஒன்றே. முல்லைவெளி அம்மா பல்லைப் பற்றிக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எட்டும் ஒன்றும் ஒன்பதுதானே என்று கோணல்கோடு ஐயா கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டையும் இலக்கண நூலை விரித்து வைத்துச் சரிபார்த்தேன். அந்த இரண்டு இடத்திலும் ஒற்று மிகாது, பிழை நூலாசிரியருடையது.